உள்ளத்துக்கு அளவுகோல் உண்டோ?

பெப்ரவரி மாதம் 20 ஆம் நாளை உலக சமூக நீதி தினமாக ஐக்கிய நாடுகளின் பொதுச் சபை 2007 ஆம் ஆண்டில் பிரகடனஞ் செய்தது. 2009 முதல் அந்நாள் உலகெங்கும் அனுட்டிக்கப்பட்டு வருகின்றது. எமது கல்லூரியிலும் அதனையொட்டி ஒரு கூட்டம் நடந்தது. பேசியவர் யாவரும் நன்றாகவே பேசினர். மனிதர் யாவரும் சமம் என்றனர். எளியவர்க்கு இரங்குதலே கல்வியின் பயன் என்றனர். மாணவர் கரகோஷஞ் செய்தனர். நாமும் செய்தோம்.

மறுநாட் காலை உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து எம்மிடம் கேட்டான்:

"சேர், மேடையிலை ஏறின எல்லாரும் நீதியின்ரை பக்கந்தான் நிக்கினம். கீழை இருந்த நாங்களும் அந்தப் பக்கந்தான். அப்ப அநீதி செய்யிற ஆக்கள் ஆர்?"

வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்துவிட்டு அன்றைய பாடத்தைத் தொடங்கினோம். ஆயினும் அக்கேள்வி எம்மை விட்டபாடில்லை. துணிக்கடையிலே முழக்கோல் இருக்கின்றது. அரிசிக்கடையிலே தராசு இருக்கின்றது. மனிதனுடைய உள்ளத்திலே நீதியுணர்ச்சி எவ்வளவு உண்டு என்று அளந்து சொல்லவல்ல கோல் ஒன்று இருக்குமாயின், அந்த மாணவனுக்கு விடை சொல்லலாம் அன்றோ? அத்தகைய கோலைச் செய்ய முயன்றவர் பலர். அவர்களுடைய முயற்சியின் கதையை இவ்வாரம் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம்.

உள்ளத்தை நேரே காணவொண்ணாது. காற்றையுங் காணவொண்ணாது, ஆனால் தென்னோலை அசைகின்ற விதத்தைக் கொண்டு காற்றின் வேகத்தை மதிக்கின்றோம். அதுபோல, மனிதர் கூறும் விடைகளைக் கொண்டு அவர்தம் மனப்பாங்கை மதிக்கலாம் என உளநூலார் எண்ணினர். சிக்காகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த லூயிஸ் தேர்ஸ்டன் என்பார், மனப்பாங்கை அளத்தல் இயலும் என்று 1928 ஆம் ஆண்டிலே துணிந்து எழுதினார். ஒரு பொருளைப் பற்றிய பல கூற்றுக்களைத் திரட்டி, அவற்றை நடுவர் பலரிடங் கொடுத்து, மிக ஆதரவானது முதல் மிக எதிரானது ஈறாகப் பதினொரு குவியல்களாக வகுப்பித்து, ஒவ்வொரு கூற்றுக்கும் ஓர் எண்ணை இடுவது அவருடைய முறை. இது நிரம்பிய உழைப்பை வேண்டுவது. 1932 ஆம் ஆண்டில் றென்சிஸ் லிக்கேட் என்பார் இதனை இலகுவாக்கினார். ஒரு கூற்றைக் கொடுத்து, முற்றாக உடன்படுகின்றேன் என்பதிலிருந்து முற்றாக மறுக்கின்றேன் என்பது வரை ஐந்து படிகளுள் ஒன்றைத் தெரியச் செய்து, படிகளின் எண்களைக் கூட்டிவிடுவதே அவர் கண்ட வழி. இன்று பரீட்சை மண்டபம் முதல் வங்கி வரை எங்கும் நம்மிடம் நீட்டப்படுகின்ற வினாக்கொத்துக்களிற் பெரும்பாலானவை இவர் வழி வந்தனவே.

இவர்களுக்குச் சற்று முன்னர், 1920 களிலே, எமரி பொகார்டஸ் என்னும் அமெரிக்க சமூகவியலார் வேறோர் ஏணியை அமைத்தார். வேற்றினத்தார் ஒருவரைப் பற்றி அவர் கேட்ட கேள்விகள் இத்தகையன: அவருடன் மணவுறவு கொள்ளச் சம்மதமா? உமது சங்கத்திலே நண்பராக ஏற்பீரா? உமது தெருவிலே அயலவராக ஏற்பீரா? உமது தொழிலிலே ஏற்பீரா? உமது நாட்டுக் குடியாக ஏற்பீரா? வந்து போகின்றவராக மட்டும் ஏற்பீரா? அன்றி நாட்டுக்குள்ளே விடவே மாட்டீரா? ஏழு படிகள். எந்தப் படியில் ஒருவர் நின்றுவிடுகிறாரோ, அதுவே அவருடைய உள்ளம் வகுத்த தூரம்.

இந்த ஏணியைத் தமிழ் வாசகருக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. வாசலோடு நிற்பவர், விறாந்தை வரை வருபவர், பந்தியில் இருப்பவர், சம்பந்தங் கலப்பவர் என்று நம் முன்னோர் எழுதாமலே வகுத்து வைத்த ஏணி ஒன்று நம்மிடமும் உண்டு. அதன் படிகளை நாம் குழந்தைப் பருவத்திலேயே மனனஞ் செய்துவிடுகின்றோம்.

இனி, இக்கோல்கள் சரியாக அளக்கின்றனவா என்னுங் கேள்விக்கு வருவோம்.

1930 ஆம் ஆண்டு தொடங்கி, ஸ்டான்போர்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த றிச்சாட் லாப்பியர் என்பார், சீன இளைஞர் ஒருவரையும் அவர் மனைவியையும் உடனழைத்துக்கொண்டு மோட்டார் வண்டியில் ஐக்கிய அமெரிக்கா முழுதும் சுற்றினார். பிரயாணத் தூரம் ஏறக்குறைய 10,000 மைல். அக்காலத்து அமெரிக்காவிலே சீனர்மீது வெறுப்பு மிகுந்திருந்தது. ஆதலால் உணவும் படுக்கையும் கிடைக்குமோ என்ற ஐயத்துடனேயே அவர் சென்றார். மூவரும் 251 விடுதிகளிலும் உண்டிச்சாலைகளிலும் நுழைந்தனர். அவர்களை ஏற்க மறுத்தது ஒரேயோர் இடந்தான். ஆறு மாதங் கழித்து, அந்த இடங்களுக்கெல்லாம் லாப்பியர் ஒரு வினாக்கொத்தை அனுப்பினார். சீனர்களை உங்கள் இடத்தில் விருந்தினராக ஏற்பீர்களா என்பது கேள்வி. 128 இடங்களிலிருந்து விடை வந்தது. உண்டிச்சாலைகளில் நூற்றுக்கு 92 வீதமும், விடுதிகளில் நூற்றுக்கு 91 வீதமும் "ஏற்கமாட்டோம்" என்றே எழுதியிருந்தன! தாம் ஏற்று உபசரித்த விருந்தினரையே ஏற்கமாட்டோம் என்று கூறிய இந்த விந்தையை அவர் 1934 ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

இவ்வாராய்ச்சியிற் குறை கண்டோரும் உளர். கடிதத்துக்கு விடை எழுதியவரும் வாசலில் வரவேற்றவரும் ஒருவரே என்பதற்கு உறுதியில்லை. வந்த தம்பதியர் நல்லுடை தரித்து, இனிய ஆங்கிலம் பேசி, வெள்ளையர் ஒருவருடன் வந்தவர்கள். கடிதத்திலே குறித்த "சீனர்" என்ற சொல்லோ எவரோ ஒருவரைக் குறிப்பது. இவை நியாயமான தடைகளே. ஆயினும், கடதாசியில் ஒருவர் எழுதும் விடையும், கண்முன்னே ஒரு மனிதர் வந்து நிற்கும்போது அவர் செய்யுஞ் செயலும் ஒன்றல்ல என்பது அன்று முதல் மறைக்கவொண்ணாததாயிற்று.

லாப்பியர் கண்டது சொல்லிலே கொடியவராயிருந்து செயலிலே நல்லவராயிருந்தவரை. இதற்கு மறுதலையும் உண்டு. 1973 ஆம் ஆண்டில் ஜோன் டாளி, டானியல் பட்சன் என்னும் இருவர் வெளியிட்ட ஆராய்ச்சி அது. அமெரிக்காவின் பிறின்ஸ்ரன் நகரிலே கிறிஸ்தவ குருத்துவக் கல்லூரி மாணவர் 40 பேரை அவர்கள் ஒவ்வொருவராக ஒரு கட்டடத்திலிருந்து மற்றொரு கட்டடத்துக்குச் சென்று பேசும்படி அனுப்பினர். சிலர் பேசவேண்டிய பொருள், வழியிலே அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகும் வழியிலே, ஒரு மனிதன் தலை சாய்ந்து இருமிக்கொண்டு கிடக்கும்படி ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. யார் நின்று உதவினர்? "நேரமிருக்கிறது" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் நூற்றுக்கு 63 வீதத்தினர் உதவினர். "நேரம் பிந்திவிட்டது, விரைந்து போங்கள்" என்று அனுப்பப்பட்டவர்களில் உதவியவர் நூற்றுக்கு 10 வீதத்தினர் மாத்திரமே. இரக்கத்தைப் பற்றிப் பேசப் போகின்றோம் என்ற நினைவு அவர்களுடைய காலைப் பெரிதும் தடுத்து நிறுத்தவில்லை. நாம் இதைப் படித்து அந்த மாணவர்களை இகழ்தல் ஆகாது. பாடசாலை மணி அடித்த பின்னர் விரைந்தோடுகின்ற ஆசிரியர் எவரும் தம் நெஞ்சைக் கேட்டுப் பார்க்கட்டும்.

இப்படியாயின் அளத்தல் வீண்வேலை என்று கைவிடுதல் தகுமோ? ஐசெக் ஏசன், மாட்டின் பிஷ்பைன் என்ற இருவர் கைவிடவில்லை. பழுது கோலில் அன்று, அளக்கும் பொருளிலேயே என்று 1977 ஆம் ஆண்டிலே அவர்கள் எடுத்துக்காட்டினர். பொதுவான ஒன்றைக் கேட்டு, குறிப்பான ஒன்றை எதிர்பார்க்கின்றோம். "நீதியை விரும்புகிறீரா?" என்று கேட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு அவர் என்ன செய்வார் என்று கணிக்க முயல்கின்றோம். எந்தச் செயல், யாரை நோக்கி, எவ்விடத்தில், எந்நேரத்தில் என்ற நான்கையும் சேர்த்துக் கேட்டால், விடையும் செயலும் நெருங்கிவரும் என்பது அவர்கள் கண்ட உண்மை. ஏசன் பின்னர் இதனை மேலும் விரித்தார். ஒருவர் ஒன்றைச் செய்ய எண்ணுவது மூன்றைப் பொறுத்தது: அச்செயலை அவர் நல்லதென மதிப்பது, தமக்கு வேண்டியவர்கள் அதனை எப்படிக் கொள்வர் என்று அவர் கருதுவது, தம்மாற் செய்ய முடியும் என்று அவர் நம்புவது.

இக்கொள்கையின் மேல் எழுந்ததே, 2012 ஆம் ஆண்டில் சிக்காகோவைச் சேர்ந்த சூசன் ரொறஸ்-ஹார்டிங்கும் அவரோடு உழைத்த இருவரும் வெளியிட்ட சமூக நீதி அளவுகோல். 24 கூற்றுக்கள், ஒவ்வொன்றுக்கும் ஏழு படிகள். கூற்றுக்கள் நான்கு பகுதிகளாய் அமைந்தவை. அப்பகுதிகளை நம்மூர்ப் பேச்சிலே சொல்வதானால் இப்படிச் சொல்லலாம்: இது சரியா? என்னால் முடியுமா? நாலு பேர் என்ன சொல்லுவார்கள்? நான் செய்வேனா?

மேடைப்பேச்சு முதலாவது கேள்வியோடு நின்றுவிடுகின்றது. அதற்கு விடை சொல்ல எவருக்குங் கடினமில்லை. மூன்றாவதிலேதான் நம்மிற் பலர் இடறி விழுகின்றோம். அந்த நாலு பேர் யார் என்று எவரும் கண்டதில்லை. ஆயினும் ஊரிலே நடக்கும் காரியங்களுட் பாதியை நடத்துகின்றவர்கள் அவர்களே.

கேள்வியைக் குறிப்பாகக் கேட்பதன் வலிமையை அயல்நாடாகிய இந்தியாவிலே ஓர் ஆய்வு நன்கு காட்டியது. 2011-12 ஆம் ஆண்டுகளில், டில்லியிலுள்ள தேசிய பிரயோகப் பொருளாதார ஆராய்ச்சி மன்றமும் அமெரிக்க நாட்டு மேரிலாந்து சர்வகலாசாலையும் சேர்ந்து 42,000 இற்கு மேற்பட்ட இல்லங்களிலே விசாரணை நடத்தின. உங்கள் வீட்டில் யாராவது தீண்டாமை பாராட்டுகின்றனரா என்று முதலிற் கேட்டனர். இல்லையென்றால் அதனோடு விட்டுவிடவில்லை. பட்டியற் சாதியைச் சேர்ந்த ஒருவர் உங்கள் அடுக்களைக்குள் வந்தால், அல்லது உங்கள் பாத்திரத்தைப் பாவித்தால், அதனால் ஏதும் இடைஞ்சல் உண்டா என்று அடுத்ததாக வினவினர். எல்லாவற்றையுஞ் சேர்த்துப் பார்க்க, ஏறக்குறைய நூற்றுக்கு 27 இல்லங்கள் தீண்டாமை உண்டென்று தம் வாயாலேயே ஒப்புக்கொண்டன. தீண்டாமையை இந்திய அரசியலமைப்பு ஒழித்துவிட்டது 1950 ஆம் ஆண்டில்! சட்டம் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது. ஆய்வாளரின் கேள்வி அடுக்களைக்குள் நுழைந்தது.

நம் நாட்டிலும் 1957 ஆம் ஆண்டில் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. அதன் பின்னரும், 1968 ஆம் ஆண்டிலே மாவிட்டபுரங் கோயில் வாசலில் மனிதர் உள்ளே செல்வதற்காகப் போராட வேண்டியிருந்தது. இன்று கோயிற் கதவுகள் பல திறந்துள்ளன. தேநீர்க்கடைகளில் எவரும் எங்கும் அமரலாம். ஆயின் அடுக்களைக் கேள்வியை நாம் நம்மிடங் கேட்டதுண்டா?

அந்த எண்ணத்தோடு, எம் வகுப்பிலே ஒரு சிறு சோதனையைச் செய்தோம். இரண்டு தாள்கள். முதலாவதில், மனிதர் யாவரும் சமம் என்பன போன்ற கூற்றுக்கள். மாணவர் அனைவரும் முற்றாக உடன்பட்டு எழுதித் தந்தனர். இரண்டாவது தாளிலே ஒரே கேள்வி: உங்கள் வளவில் வேலை செய்ய வந்தவர் தண்ணீர் கேட்டால், எந்தப் பாத்திரத்திற் கொடுப்பீர்கள்? அது முன்பு எங்கே இருந்தது? பின்பு எங்கே வைக்கப்படும்? வகுப்பிலே அமைதி உண்டாயிற்று. பெயர் எழுதவேண்டாம் என்றோம். அப்போதும் சிலருடைய பேனை ஓடவில்லை. முன்பு கேள்வி கேட்ட அதே மாணவன் மறுபடியும் எழுந்தான்.

"சேர், நீங்களும் எழுதுவியளோ?"

எழுதுவதாகச் சொல்லித் தாளை வீட்டுக்குக் கொண்டு சென்றோம்.

எமது வளவிலே தேங்காய் பறிக்க வருகின்ற பெரியவர் ஒருவர் உண்டு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். நாம் சிறுவனாயிருந்த காலந்தொட்டு வருபவர். எம்மிலும் மிக மூத்தவரை நாம் வெறும் பெயர் சொல்லியே அழைத்து வந்தோம். எம் பிள்ளைகளும் அப்படியே அழைக்கின்றனர். பின்புற விறாந்தையின் தூணோரத்திலே, ஒரு மாடத்தில், எவர்சில்வர்ப் பேணி ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். அவருக்குத் தேநீர் அதிலேதான். நாற்பது வருட காலமாக நாம் அந்தப் பேணியைக் கண்டிருக்கின்றோம், ஆனாற் பார்த்ததில்லை. அன்று மாலை தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் அதனைப் பார்த்தோம். சமூக நீதி தினக் கூட்டத்திலே கரகோஷஞ் செய்த கை, தாளிலே அந்த விடையை எழுத மறுத்தது.

தாயாரிடம் சொன்னோம். அவர் எவரையும் கடிந்து ஒரு சொற் சொல்லியறியாதவர்.

"தம்பி, அது அவருக்கெண்டு எடுத்து வைச்சது. நல்லாய்க் கழுவித்தானே வைக்கிறன்" என்றார். அவருடைய குரலிலே வெறுப்பு இல்லை, வியப்பே இருந்தது.

அடுத்த முறை பெரியவர் வந்தபோது, நாம் குடிக்கின்ற கோப்பைகளுள் ஒன்றிலே தேநீர் ஊற்றி நாமே கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் வாங்கவில்லை. மாடத்தை நோக்கினார்.

"மாஸ்ரர், என்ரை பேணி எங்கை?"

அந்த ஒரு சொல் எம்மை வாட்டியது. நாலு பேருக்கு அஞ்சுகின்றவர்கள் நாம் மட்டுமல்லர். அவருக்கும் தம் நாலு பேர் உண்டு. நெடுங்காலம் மாடத்திலே வைக்கப்பட்ட பேணி, கடைசியில் அவருடைய நெஞ்சிலும் ஒரு மாடத்தை அமைத்துவிட்டது. "இண்டைக்கு இதிலை குடியுங்கோ, ஐயா" என்றோம். அவரை அப்படி அழைத்தது அதுவே முதல் முறை. அவர் வாங்கி, நின்றபடியே குடித்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் எமக்குப் பெருமையாயிருந்திருக்கும். மறுநாட் காலை அடுக்களைக்குட் போனோம். மற்றைக் கோப்பைகள் தட்டிலே இருந்தன. அந்தக் கோப்பை மட்டும் யன்னலோரத்திலே தனியே கவிழ்ந்திருந்தது. பழைய பேணி போய்ப் புதிய பேணி வந்துவிட்டது! எவரையும் கோபிப்பதிற் பயனில்லை. அந்தக் கோப்பையை எடுத்து, எமது காலைத் தேநீரை அதில் ஊற்றும்படி தாயாரிடம் நீட்டினோம். அவர் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஊற்றினார். ஒரு கிழமை அந்தக் கோப்பையிலேயே குடித்தோம். எட்டாம் நாள் அது தட்டிலே மற்றவற்றோடு இருந்தது. வைத்தவர் யாரென்று நாம் கேட்கவில்லை.

மாணவனிடம் எமது தாளைக் கொடுத்தபோது இவற்றையெல்லாம் அதில் எழுதியிருந்தோம். அநீதி செய்கின்றவர் யார் என்ற அவனுடைய கேள்விக்கு அதுவே எமது விடையாயிற்று.

உளநூலார் செய்த அளவுகோல்கள் பிறரை அளந்து பழிப்பதற்கு அத்துணைப் பயன்படுவன அல்ல. வினாக்கொத்திலே எவரும் தம்மை நல்லவராகக் காட்டிக்கொள்ளலாம். ஒருவர் தம்மைத் தாமே அளந்து பார்ப்பதற்கு அவை மிகவும் உதவும். ஏனெனில் அங்கே ஏமாற்றுகின்றவரும் ஏமாறுகின்றவரும் ஒருவரே.

மாணவர்களுக்கு மற்றொன்றுஞ் சொல்வோம். எண்ணம் வேறு, நாட்குறித்த எண்ணம் வேறு. ஜேர்மனிய உளநூலார் பீற்றர் கொல்விற்சரும் அவர் துணைவரும் 1997 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றிலே, நத்தார் விடுமுறையில் ஓர் அறிக்கை எழுதி அனுப்பும்படி மாணவரிடங் கேட்கப்பட்டது. எப்போது, எங்கேயிருந்து எழுதுவது என்று முன்னரே தீர்மானித்தவர்களுள் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் உரிய காலத்தில் எழுதினர். அவ்வாறு தீர்மானியாதவர்களில் எழுதியவர் மூன்றில் ஒரு பங்கினரே. எண்ணம் இருசாராருக்கும் இருந்தது. நேரமும் இடமும் ஒரு சாராருக்கே இருந்தன.

ஆகவே, வாசக அன்பர்களே, "நான் நீதியை விரும்புகின்றேனா?" என்று உங்களைக் கேட்க வேண்டா. அதற்கு விடை எப்பொழுதும் "ஆம்" என்றே வரும். இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், உங்கள் வீட்டு அடுக்களைக்குட் சென்று, மாடங்களையும் யன்னலோரங்களையும் ஒரு முறை பாருங்கள். எந்தப் பாத்திரம் யாருக்கென்று தனியே இருக்கின்றது? வளவுக்கு வேலைக்கு வருகின்றவரை உங்கள் பிள்ளைகள் எப்படி அழைக்கின்றனர்? அவர் அடுத்த முறை வருவது என்றைக்கு? அன்று நீங்கள் என்ன செய்யப் போகின்றீர்கள்?

அந்த நாளை நாட்காட்டியிலே குறித்து வையுங்கள்.